வாசகர் கேள்வி–பதில்: வெள்ளி இரவு செலுத்திய பணம், திங்களன்று ஏறிய டாலர்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக என் மனைவி சிங்கப்பூர் சென்றிருக்கிறார். அவருடைய ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்துச் செலவழிக்கும் அட்டை) இருப்பு குறைந்ததால், வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு எங்கள் கூட்டுக் கணக்கிலிருந்து நெட்பேங்கிங் வழியாக 1,000 சிங்கப்பூர் டாலருக்குப் பணம் செலுத்தினேன். கணக்கில் உடனே கழிந்த பணம், கார்டில் திங்கள் பிற்பகல்தான் ஏறியது. இடையில் சிரங்கூன் சாலைக் கடை ஒன்றில் பில் போட்ட பிறகு, எடுத்த பொருள்களை வைத்துவிட்டுத் திரும்பினாராம். ஏன் இந்தத் தாமதம்? மொத்தத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: யுபிஐ-யில் ஒரு கணக்கின் ரூபாய் இன்னொரு கணக்கில் ரூபாயாகவே சேர்கிறது. ஃபாரெக்ஸ் கார்டை ரீலோடு செய்வது அப்படிப்பட்ட பணப் பரிமாற்றம் அன்று. ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிதாக வெளிநாட்டு நாணயம் வாங்குகிறீர்கள். நாணயச் சந்தை சனி, ஞாயிறுகளில் இயங்காது என்பதால், வெள்ளி மாலைக்குப் பின் வரும் கோரிக்கைகளை அடுத்த வேலை நாளின் விலைக்கு ஒதுக்கிவைக்கும் வங்கிகள் உண்டு. எனவே இருப்பு தீரும் வரை காத்திராமல், வாரத்தின் நடுவில், பகல் வேளையில் ஏற்றிவிடுங்கள்.

ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 1,000 டாலருக்கு 70,000 ரூபாய் ஆகிறது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நாணய மாற்றத்தில் தொகையின் ஒரு சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாயை) சேவையின் மதிப்பாகக் கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி விதிக்கிறார்கள்; உங்களுக்கு 700 ரூபாயின்மேல் 126 ரூபாய் வரும். இதோடு வங்கியின் ரீலோடு கட்டணமும் அதற்குரிய வரியும் சேரும். பலரும் இந்தச் சில்லறைத் தொகைகளைத்தான் துருவிப் பார்க்கிறார்கள். ஆனால் வங்கி சொல்லும் டாலர் விலை ஒரே ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் உங்கள் கையிலிருந்து 1,000 ரூபாய் போய்விடும் என்பதால், பணம் செலுத்துவதற்கு முன் அந்த நேரத்து விற்பனை விலையைக் கேட்டு, இன்னோர் இடத்து விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல நாணயங்களை வைத்துக்கொள்ளும் கார்டு என்றால், ஏற்றும்போது சிங்கப்பூர் டாலரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது. தவறுதலாக அமெரிக்க டாலரில் ஏற்றிவிட்டால், மனைவி கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். கடையில் இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளூர் டாலரையே அழுத்தச் சொல்லுங்கள்.

கூட்டுக் கணக்கிலிருந்து செலுத்தியது நல்லதாயிற்று. பணம் கார்டுக்குரியவரின் கணக்கிலிருந்தே வர வேண்டும் என்று கேட்கும் வங்கிகள் பல. மேலும், இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவும் அங்கே செலவிடவும் வழிசெய்யும், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்பு, கார்டுக்குரியவரின் பான் எண்ணை வைத்தே கணக்கிடப்படுகிறது. இத்தகைய பயணச் செலவுக்காக அவர் பெயரில் வாங்கும் நாணயம் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (நாணயம் விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். பிரசவம் பார்த்துத் திரும்பும் ஒருவருடைய செலவு அந்த அளவுக்குப் போகாது.

கேள்வி: காத்மாண்டு செல்லவிருக்கிறோம். ஃபாரெக்ஸ் கார்டில் டாலர் ஏற்றிக்கொள்ளலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: நேபாளம், பூடான் பயணங்களுக்கு இங்கே வெளிநாட்டு நாணயம் வழங்க அனுமதியில்லை; ஃபாரெக்ஸ் கார்டும் அந்நாடுகளில் செல்லாது. இந்திய ரூபாயையே கொண்டுபோகலாம். ஆனால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டுகள் 25,000 ரூபாய்க்கு மிகக் கூடாது.