மகளின் தூக்கத்தை நம்பித் தேதி கொடுக்காதீர்கள்

கேள்வி: விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவளுக்கு இப்போது 2 வயது. வீட்டிலிருந்தபடி சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து தருகிறேன். அவள் தூங்கும்போது வரைந்துவிடலாம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். சென்ற மாதம் இரண்டு வேலைகள் தள்ளிப்போய்விட்டன; இரண்டும் இன்னும் கையில்தான் இருக்கின்றன. நள்ளிரவு தாண்டியும் வரைகிறேன், பகலில் அவள்மேல் எரிந்து விழுகிறேன். 'அவள் பள்ளிக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறார் கணவர். விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம். உங்கள் கையில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

மகள் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 5 நாள் என்றால் ஏழரை மணி நேரம். அவள் கண்ணயர்ந்ததும் நீங்கள் சாப்பிட்டு, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு மேசைக்கு வர அரை மணி ஆகும். மிஞ்சுவது 5 மணி நேரம். 20 மணி நேர வேலைக்கு 4 வாரம் வேண்டும். சளி, காய்ச்சல் என்று ஒரு வாரம் போனால் 5. க்ளையன்ட்டிடம் சொல்ல வேண்டிய தேதி அதுதான். நல்லபடியாகப் போகும் வாரத்தை வைத்து ஒருபோதும் தேதி சொல்லாதீர்கள்.

அந்த மதியத் தூக்கமும் நிரந்தரமில்லை. 1 முதல் 2 வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11–14 மணி நேரமும், 3, 4 வயதில் 10–13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான குழந்தைகள் 3 முதல் 5 வயதுக்குள் பகல் தூக்கத்தையே நிறுத்திவிடுவார்கள்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். மெயிலுக்குப் பதில், இன்வாய்ஸ், படங்களைத் தேடிச் சேர்ப்பது, ஃபைலை ஒழுங்குபடுத்துவது எல்லாம் பாதியில் விட்டாலும் கெடாதவை. இவை மதியத்துக்கு. பக்க அமைப்பை யோசிப்பது, முதல் ஸ்கெட்ச், முகபாவம் ஆகியவை தொடர்ந்து உட்கார்ந்தால்தான் வரும். அதற்கு வாரத்தில் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம், மகள் முழுக்க அப்பாவின் பொறுப்பு. கணவரிடம் 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று கேட்காதீர்கள். கிழமையும் நேரமும் குறித்துப் பேசுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கு என்னைக் கேட்டால், இதுதான் சரியான பதில்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். யானையின் காதைப் பாதி வரைந்திருக்கும்போது அழுகுரல் கேட்கிறது. நீங்கள் எழுந்து போய்விட்டாலும் நினைப்பு அந்தக் காதிலேயே கிடக்கிறது. மகள்மேல் வரும் எரிச்சலுக்குத் தூக்கமின்மையோடு இதுவும் ஒரு காரணம். எழும்முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'இடது காதுக்கு நிழல், அதே பழுப்பு, பிறகு வால்.' பத்து நொடிதான். அவளைத் தூக்கும்போது கை மட்டுமல்ல, மனமும் காலியாக இருக்கும்.

பணத்தில் கூச்சம் வேண்டாம். பாதி முன்பணம், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கட்டணம், இரண்டையும் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நள்ளிரவு வேலையில் பெரும்பகுதி முடிவில்லாத திருத்தங்களால் வருவது.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை, மகள் பள்ளிக்குப் போகும்வரை வருமானத்தைவிடத் தொடர்ச்சி முக்கியம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு புத்தகம் போதும், ஆனால் நீங்கள் போக நினைக்கும் திசையில் இருக்கட்டும். பிடிக்காத அவசர வேலைகளை இப்போதே மறுக்கலாம்.

தாமதமான இருவருக்கும் இன்றே எழுதுங்கள்: 'மன்னிக்கவும். முடிந்த பக்கங்களை இணைத்திருக்கிறேன். மீதி இந்தத் தேதியில் வரும்.' அந்தத் தேதியை மேலே சொன்ன கணக்கில் போடுங்கள். அவை முடியும்வரை புதிய வேலை எதையும் வாங்காதீர்கள்.