கட்டையில் மோதாத கிராங்க்பெய்ட் எதற்கு?

கேள்வி: டெக்சஸ் லேக் ஃபோர்க்கில், முங்கிய மரங்களுக்கிடையே பாஸ் மீனுக்கு கிராங்க்பெய்ட் (மூக்கடியில் 'லிப்' என்ற தகடு நீட்டிய, மீன் வடிவச் செயற்கைத் தூண்டில்) போடுகிறேன். ஆழம் நாலடிதான். இரண்டு மூன்று வீச்சுக்குள் கிளையில் மாட்டிக்கொள்கிறது. வட்ட லிப், சதுர லிப் இரண்டில் எது சரி? – வாசகர், டாலஸ்

பதில்: சதுர லிப். கிராங்க்பெய்ட் தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி நீந்தும். அதனால் கிளையை முதலில் தொடுவது லிப்தான். கொக்கிகள் உடம்பின் மறைவில் வருகின்றன. சதுர லிப்பின் மூலை கட்டையில் பட்டதும் தூண்டில் சட்டென்று பக்கவாட்டில் வெட்டி விலகும். வட்ட லிப் கிளைமேல் வழுக்கி ஏறிப் புரள்வதால் கொக்கி நேராகக் கிளையில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆனால் பாதித் தவறு கையில் இருக்கிறது. 'டொக்'கென்று பட்டவுடன் மீன் என்று நினைத்துக் கம்பைச் சுண்டுகிறோம். கொக்கி மரத்தில் ஏறுகிறது. பட்டதும் ரீலை நிறுத்தி, நரம்பைச் சற்றுத் தளரவிட்டு, இரண்டு எண்ணுங்கள். மிதக்கும் தூண்டில் பின்வாக்கில் மேலேறி விடுபடும். அந்த இரண்டு எண்ணிக்கைக்குள்தான் மீன் அதிகம் கவ்வும். கட்டையை விட்டு ஓரடி தள்ளி இழுத்தால் மாட்டாது, மீனும் வராது.

நாலடித் தண்ணீருக்கு ஸ்ட்ரைக் கிங் நிறுவனத்தின் கேவிடி 1.5 என்ற சதுர லிப் தூண்டில் போன்ற அளவு பொருந்தும். கட்டையின் மேல் இரண்டடிக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தால் மேன்ஸ் பேபி ஒன்-மைனஸ். அது ஓரடிக்குக் கீழே போகாது. நரம்பு 15 முதல் 17 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் மூழ்கும் இழை). தூண்டில் அடியைத் தோண்டினால் 20 பவுண்டு மோனோவுக்கு (நைலான் ஒற்றையிழை) மாறுங்கள். அது தடிமன், அவ்வளவாக மூழ்காது, ஓட்டம் மேலேறும். இன்னும் மாட்டினால் முன் கொக்கியின் மூன்று முனைகளில் மூக்குப் பக்கம் பார்க்கும் முனையை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: பால்சா மரத் தூண்டில் விலை அதிகம். பிளாஸ்டிக் போதாதா?

பதில்: சதுர லிப் வகைக்கே வழிகாட்டி, 1960களின் இறுதியில் டென்னசியில் ஃபிரெட் யங் பால்சாவில் கையால் செதுக்கிய 'பிக் ஓ'. பால்சா வேகமாக மிதந்தெழும், கட்டையில் பட்டால் துள்ளி விலகும். அடர்ந்த கிளைகளில் அதற்கு ஈடில்லை. ஆனால் கரைக்கற்களில் அடித்தால் லிப் உடையும், பெயின்ட் வெடித்துத் தண்ணீர் இறங்கும். கற்சரிவுக்குப் பிளாஸ்டிக் போதும். அங்கேயும் லிப்பின் மூலைகளைப் பாருங்கள்: கல்லில் தேய்ந்து உருண்டுவிட்டால் உங்களிடம் இருப்பது வட்ட லிப்தான்!

கேள்வி: சில நாள் ஓட்டிய பிறகு தூண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது.

பதில்: மோதி மோதி நரம்பு கட்டும் வளையம் வளைந்திருக்கும். மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். தூண்டில் உங்கள் இடப்பக்கம் ஓடினால், வளையத்தைக் குறட்டால் உங்கள் வலப்பக்கம் மயிரிழை அளவு வளையுங்கள். முறுக்காதீர்கள், வளையம் தளர்ந்துவிடும். படகோரம் வேகமாக இழுத்துப் பார்த்து, நேராகும்வரை இதையே செய்யுங்கள்.

கேள்வி: மீன் கவ்வுகிறது, படகருகே வந்து கழன்றுவிடுகிறது.

பதில்: கம்பு விறைப்பாக இருக்கிறது. சிறிய மும்முனைக் கொக்கி மீனின் வாயைக் கிழித்து வெளியேறுகிறது. கண்ணாடியிழை கலந்த, நடுவரை வளையும் 7 அடிக் கம்பு எடுங்கள். கொக்கி முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றுங்கள்.

கேள்வி: எந்த நிறம்?

பதில்: கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு முதுகுள்ள பச்சைமஞ்சள், தெளிந்ததற்கு ஷாட் என்ற சிறு இரைமீனின் வெள்ளி, வசந்தத் தொடக்கத்தில் நண்டுச் சிவப்பு. இந்த மூன்றும் பெட்டியில் இருந்தால் போதும். மிச்சப் பணத்துக்குக் கொக்கி வாங்குங்கள்.

கேள்வி: நீர்ப்பாசிக்குள்ளும் இதையே போடலாமா?

பதில்: வேண்டாம். பாசியின் மேல்நுனியை உரசிக்கொண்டு போகிற அளவுக்கு மட்டும். உள்ளே இறக்கினால் ஒவ்வொரு வீச்சிலும் பாசியைத்தான் பறிப்பீர்கள்.