எது நம்பகமானது என்று கேட்ட பீடோங் சகோதரிக்கு

கேள்வி: என் தம்பி செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். ஒரு வருடமாகக் கைப்பேசியில் காசு வைத்துச் சுழற்றும் ஸ்லாட் சூதாட்டம் விளையாடுகிறான். போன வாரம் 1,840 ரிங்கிட் விழுந்ததாம். அதை எடுக்க முதலில் 300 ரிங்கிட் ‘வெரிஃபிகேஷன்’ கட்டச் சொல்கிறார்கள். அவனை நிறுத்த என்னால் முடியவில்லை. மூன்று தளங்களின் பெயரை எழுதியிருக்கிறேன். ஒன்று 97 விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்கிறது. ஒன்று நூறு விழுக்காடு போனஸ் தருகிறது. இன்னொன்று ‘இது சூதாட்டமே இல்லை, நிஜப் பரிசு’ என்று மோட்டார்சைக்கிளைக் காட்டுகிறது. எது நம்பகமானது என்று ஒப்பிட்டுச் சொன்னால் அதற்காவது மாறச் சொல்வேன். கடையில் நாலு இலக்க நம்பர் எடுப்பதைவிட இது தேவலாமா?
– வாசகி, பீடோங், கெடா

பதில்: முதலில் அந்த 300 ரிங்கிட். கட்டவே வேண்டாம். இன்றிரவே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே 1,840 ரிங்கிட் தர வேண்டியவன், கட்டணம் என்று ஏதாவது இருந்தால் அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். மேலும் காசு கேட்கிறான் என்றால் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. திரையில் தெரிவது வெறும் எண்.

இது எனக்குக் கேள்விஞானம் இல்லை, சகோதரி. என் அக்கா மகனுக்கே நடந்தது. 3,200 ரிங்கிட் ‘ஜெயித்தான்’. எடுக்கப் போனபோது 200 கட்டச் சொன்னார்கள், கட்டினான். பெயர் பொருந்தவில்லை என்று 350. கணக்கு முடங்கிவிட்டது, திறக்க வேண்டும் என்று 500. மூன்று முறையும் மூன்று வெவ்வேறு தனியாள் பெயரிலான வங்கிக் கணக்குகள். நான்காம் நாள் காலையில் பணம் கட்டச் சொன்ன ஏஜெண்டின் வாட்சாப் படம் காணாமல் போயிருந்தது. அக்கா விளக்கின் கீழே அந்த மூன்று ரசீதுகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ரசீதுகள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

நீங்கள் எழுதிய மூன்று பெயர்களையும் இங்கே அச்சிடவில்லை. திட்டி எழுதினாலும் அது விளம்பரம்தான். ஆனால் ஒப்பிடச் சொன்னீர்கள், ஒப்பிடுகிறேன்.

97 விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ரிங்கிட் வைத்து ஒருமுறை சுழற்றினால் சராசரியாக 97 சென் திரும்பும், 3 சென் போகும் என்று அர்த்தம். நம்பர் கடையில் நாலு இலக்க எண் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட்டில் ‘பெரியது’ என்ற வகைப் பந்தயம் எடுத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து சிறப்புப் பரிசுகள் 180 வீதம், பத்து ஆறுதல் பரிசுகள் 60 வீதம். எல்லாம் கூட்டினால் 6,400. இருப்பது பத்தாயிரம் எண்கள். ஆக ஒரு ரிங்கிட்டுக்குச் சராசரியாக 64 சென்தான் திரும்புகிறது. நம்பர் கடை 36 சென் எடுக்கிறது, கைப்பேசி 3 சென் எடுக்கிறது. உங்கள் தம்பி இதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பான், கணக்கு சரிதான்.

ஆனால் வேகத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. நம்பர் குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. குலுக்கலுக்கு நாலு ரிங்கிட் வைப்பவர் வாரத்துக்கு 12 வைக்கிறார், சராசரியாக 4 ரிங்கிட் 32 சென் இழக்கிறார். ஸ்லாட் நிமிடத்துக்குப் பத்து முறை சுலபமாகச் சுழலும், மணிக்கு அறுநூறு. ஒரு ரிங்கிட் வீதம் வைத்தால் 600 ரிங்கிட் புரண்டு 18 ரிங்கிட் போகிறது. இரவுக்கு ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 126. இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் சொச்சம். முள்ளிலும் வெயிலிலும் குலை வெட்டிய இரண்டு நாள் உழைப்பு, வாராவாரம், அந்த ‘வெறும் 3 சென்’னில் கரைகிறது. அதுவும் தளம் நேர்மையாக நடந்தால்தான் இந்தக் கணக்கு.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எதிர் மேசையில் ஒரு பையன், இருபத்தைந்து இருக்கும். கையுறையைப் பின்பையில் செருகியிருந்தான். கைப்பேசியின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. அவன் விரலால் எதையும் தட்டவில்லை. ‘ஆட்டோ ஸ்பின்’ போட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தபோது 212 ரிங்கிட் காட்டியது. அவனுடைய தே தாரிக்கில் ஆடை கட்டியபோது 31. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இன்னொன்று. அந்த 97-ஐ யார் சொன்னது? ஒரே ஸ்லாட் விளையாட்டைத் தயாரிப்பாளர்கள் பல அளவுகளில் விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். 96, 94, அதற்கும் கீழே என்று இருக்கும். எதை ஓடவிடுவது என்று தளம் நடத்துபவரே தேர்ந்தெடுப்பார். விளம்பரத்தில் படித்த எண்ணும் தம்பியின் கையில் ஓடும் எண்ணும் ஒன்றுதான் என்று பார்த்துச் சொல்ல மலேசியாவில் எந்த அதிகாரியும் கிடையாது.

அடுத்தது போனஸ். நூறு போட்டால் நூறு இலவசம் என்பார்கள். கீழே சின்ன எழுத்தில் ‘டர்ன்ஓவர் 20 மடங்கு’ என்று இருக்கும். அதாவது 200-ஐ இருபது முறை, மொத்தம் 4,000 ரிங்கிட் பந்தயம் வைத்த பிறகுதான் எடுக்கலாம். நூற்றுக்கு 3 வீதம் என்றாலும் 120 ரிங்கிட் சராசரியாகக் கரையும். மிச்சம் 80. அவன் சொந்தமாகப் போட்ட நூறே அதில் மீளவில்லை.

‘சூதாட்டமில்லை, நிஜப் பரிசு’ என்பது அமெரிக்காவில் பழகிய முறை. இரண்டு வகைக் காசு கொடுப்பார்கள். ஒன்றை விலைக்கு வாங்கலாம், ஆனால் அதற்கு மதிப்பில்லை. இன்னொன்று ‘இலவசமாக’ ஒட்டிக்கொண்டு வரும், அதைத்தான் பணமாக்கலாம். சட்டத்தைச் சுற்றிப் போகத்தான் இந்த ஏற்பாடு. மொன்டானா 2025-இல் தடுத்தது, கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் தடை. பெயரை மாற்றினாலும் உள்ளே சுழல்வது அதே ஸ்லாட்தான்.

இனி உங்கள் கேள்வியின் நடுமையத்துக்கு வருகிறேன்: நம்பகமானது எது? இந்த நாட்டில் சட்டப்படி இயங்கும் கெசினோ ஒன்றே ஒன்று, கெந்திங் மலையில் இருக்கிறது. கைப்பேசியில் வரும் எதற்கும் இங்கே உரிமம் இல்லை. அடியில் குராசாவ் உரிம முத்திரை இருக்கிறதே என்பான் தம்பி. அது கரீபியக் கடலில் ஒரு தீவு. முத்திரையின் படத்தை எவனும் ஒட்டலாம். அசலாகவே இருந்தாலும் பீடோங்கில் இருப்பவர் குராசாவுக்குப் போய் எப்படி வழக்காடுவார்? இங்கே வழக்காடலாம் என்றால், 1956 சிவில் சட்டத்தின் 26-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்த பணத்தைக் கொடு என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அதாவது தம்பி போட்ட பணம் போட்ட நொடியிலேயே அடுத்தவருடையது. ஜெயித்த பணமோ அடுத்தவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் அவனுடையது. இந்த விஷயத்தில் மூன்று தளங்களுக்கும் இடையில் நூலளவு வித்தியாசம்கூட இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சொல்லாதீர்கள். மாறினால் புதிய போனஸ், புதிய டர்ன்ஓவர். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நீங்கள் பீடோங் என்று எழுதியதும் எனக்கு அந்தப் பக்கத்து ஹார்வர்டு ரப்பர் தோட்டம் நினைவுக்கு வந்தது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்ப உறிஞ்சிய காலம் அது. 1946, 47-இல் கெடாவின் தொண்டர் படை இளைஞர்கள் அந்தக் கடைகள் முன்னால் மறியல் செய்தார்கள். 1947-இல் உங்கள் ஊர்ப்பக்கம் போலீஸ் அடக்குமுறையில் ஒரு தொழிலாளியின் உயிரே போனது. அந்தக் கள்ளுக்கடையாவது ஓர் இடத்தில் இருந்தது. முன்னால் நிற்க முடிந்தது, சாயங்காலம் கதவைச் சாத்தினார்கள். கெடாவில் நம்பர் கடைகளின் உரிமத்தையும் மாநில அரசு 2023 முதல் புதுப்பிக்காமல் விட்டது. ஆனால் தம்பி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கும் கடையின் முன்னால் யார் மறியல் செய்வது? வீட்டில் இருக்கும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது சிலவே. ஏற்கெனவே ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். அனுப்பிய கணக்குகளின் பெயர், எண், நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த விளையாட்டை பிளே ஸ்டோரில் எடுக்காமல், ஏஜெண்ட் அனுப்பிய ஏபிகே கோப்பை (செயலியை நேராக ஏற்றும் கோப்பு) தட்டி ஏற்றியிருந்தால் முதலில் அதை அழித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கி ரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கோப்புகள் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துவிடக்கூடும். ஏஜெண்ட் ‘உன் ஏடிஎம் அட்டையைக் கொஞ்ச நாள் கொடு, வாடகை தருகிறேன்’ என்று கேட்டிருக்கிறானா என்றும் கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து அதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் இருக்கின்றன. விளையாட்டில் பணம் இழந்தவன் வழக்கில் குற்றவாளியாக நிற்கக் கூடாது.

சேமநிதியையும் பாருங்கள். 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கில் எப்போது வேண்டுமானாலும் 50 ரிங்கிட்டிலிருந்து எடுக்கலாம். அவசரத்துக்கு என்று கொடுத்த வசதி. அதில் மிச்சம் எவ்வளவு என்று கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தயங்கினால் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், கடன் இருக்கிறதா என்பதையும் அதே அமர்வில் கேட்டுவிடுங்கள். இரண்டு முறை கேட்டால் இரண்டாம் முறை பொய்தான் வரும்.

தம்பியை எனக்கு நேராக எழுதச் சொல்லுங்கள். பெயர் போட மாட்டேன், பக்கத்திலும் அச்சிட மாட்டேன். என் அக்கா மகனின் எண்ணைத் தருகிறேன். அவன் பதினான்கு மாதமாக விளையாடவில்லை. ராத்திரி வேலை முடிந்து பதினொரு மணிக்கு மேல் போனை எடுப்பான்.