கேளுங்க, சொல்றோம்: கயிறு கப்பலேறுன கதை

கே: அண்ணா, எங்க வீட்டுக்காரர் நார் மில்லுல இருக்காருங்க, பில்லுல எல்லாம் 'கொயர்'னுதான் போடுறாங்க, அது இங்கிலீஷ் வார்த்தைதானுங்களா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

ப: இல்லைம்மா, நம்ம பக்கத்துல இருந்து போனதுதான்! மலையாளத்து கயர், நம்ம கயிறுக்குக் கூடப்பொறந்தது, அதுதான் கொயர் ஆச்சு. 1498ல வாஸ்கோடகாமா கோழிக்கோடு பக்கம் வந்து இறங்குனதுக்கு அப்புறம் போர்ச்சுகீசியருங்க இந்தக் கரையில பார்த்த பல சரக்கை இங்க சொன்ன பேரை வச்சே எழுதிக்கிட்டாங்க, பலாப்பழத்துக்கு மலையாளத்துல சொல்ற சக்கை அவங்க வாயில ஜாக்கா ஆகி அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய் ஜாக்ஃப்ரூட் ஆச்சு, ஜாக்குன்னு ஒரு ஆளு பேருல வந்ததுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. தேக்கு டீக், வெத்தல பீட்டல், கொப்பரை காப்ரா, எல்லாம் இதே வழிதான். நம்ம மிளகுத்தண்ணியும் முல்லிகடானின்னு வெள்ளைக்காரன் மேசைக்கு சூப்பாப் போச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையா சொல்லுங்க.

கே: பயோடேட்டால 'பாஸ்ட் அவுட் இன் 2023'னு எழுதலாமா? (வாசகர், வாளையார்)

ப: இங்க எல்லாருக்கும் புரியும் தம்பி. வெளிநாட்டு கம்பெனிக்குன்னா வேண்டாம், அங்க அதுக்கு மயங்கி விழுந்துட்டேன்னு அர்த்தம். 'கிராஜுவேட்டட்'னு போடுங்க.

கே: டெட்லைன்ல 'டெட்' எதுக்கு? (வாசகர், கோபாலபுரம்)

ப: நெசமாவே சாவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம், 1864ல, ஜார்ஜியாவுல ஆண்டர்சன்வில்னு ஒரு கைதி முகாம், சுத்துச்சுவருக்கு உள்ளாற ஒரு வேலி போட்டிருந்தாங்க, அதைத் தாண்டுனா காவலாளி சுட்டுருவான். அந்தக் கோட்டுக்குத்தான் அந்தப் பேரு, பேப்பர் ஆபீஸ் கெடுவுக்கு வந்தது பின்னாடி.