பாவ் பாக்கெட்: எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: சிங்கப்பூர் கடையொன்றின் ஃப்ரீசரில் சார் சியூ பாவ் (இனிப்புச் சாஸில் வாட்டிய பன்றி இறைச்சியை உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்த சீனப் பன்) இரண்டு பிராண்டு இருந்தன. இரண்டும் 360 கிராம். முதலாவதில் ஆறு பாவ். 100 கிராமுக்குச் சோடியம் (லேபிளில் உப்பைக் காட்டும் எண்) 400 மில்லிகிராம். அடுத்ததில் நான்கு, பாவ் ஒன்றுக்கு 260 மி.கி. உப்பு குறைவானது எது?

பதில்: நான்கு பாவ் உள்ளதுதான். ஆறு பாவ் பாக்கெட்டில் ஒன்றின் எடை 60 கிராம், சோடியம் 240 மி.கி. 260-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மற்றதில் ஒரு பாவ் 90 கிராம்; 100 கிராமுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 289 மி.கி.தான். வயிறு நிறைய 180 கிராம் சாப்பிட்டால் முதலாவதில் 720, அடுத்ததில் 520. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மி.கி.க்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தொட்டுக்கொள்ளும் சில்லி சாஸ் இந்தக் கணக்கில் சேராது!

சோயா சாஸும் சிப்பி சாஸும் பூரணத்தில் உப்பேற்றுகின்றன. மாவில் போடும் பேக்கிங் பவுடரிலும் சோடியம் உண்டு. சர்க்கரையும் அப்படித்தான், மாவிலும் இருக்கும், இறைச்சியிலும் இருக்கும். ஆகவே 'மொத்தச் சர்க்கரை' வரியையும் பாருங்கள்.

கேள்வி: இறைச்சி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகமானது முதலில். மைதா, தண்ணீர், சர்க்கரைக்குப் பிறகே இறைச்சி வந்தால், பாவில் சர்க்கரையைவிட இறைச்சி கூடுதலாக இருக்க வாய்ப்பில்லை. சில நிறுவனங்கள் மாவுக்கும் பூரணத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போடும். அப்போது பூரணத்தில் பன்றி இறைச்சி முதலில் நிற்பதை வைத்து ஏமாற வேண்டாம். அது பூரணத்துக்குள் மட்டுமே முதலிடம். சதவீதம் அச்சிட்டிருந்தால் அது பாவ் முழுவதற்குமா, பூரணத்துக்கு மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூரணத்தின் பட்டியலில் குழம்பைக் கெட்டியாக்கும் மாற்றப்பட்ட ஸ்டார்ச் முன்வரிசையில் இருந்தால், உள்ளே குழம்பு நிறைய இருக்கக்கூடும்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்கள் சிவப்பு பீன்ஸ் பாவ் வாங்கலாமா?

பதில்: பட்டியலைப் படிக்காமல் வேண்டாம். மாவு மெத்தென்று இருக்கப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பீன்ஸ் விழுதையும் அதில் வதக்குவார்கள். பன்றியைத் தவிர்ப்பவர்களுக்குக் கோழி பாவிலும் இதே எச்சரிக்கை. இப்போது பலர் தாவர ஷார்ட்டனிங் (தாவர எண்ணெயில் செய்த கெட்டிக் கொழுப்பு) சேர்க்கிறார்கள். இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு உள்ள, பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குச் சிங்கப்பூரில் 2021 ஜூன் முதல் தடை. ஆனாலும் ஷார்ட்டனிங்கில் பாமாயில் இருந்தால், அதில் நிறைகொழுப்பு (saturated fat) இருக்கவே செய்கிறது. கடையில் ஆவி பறக்க விற்கும் பாவில் லேபிளே இராது. விற்பவரிடம் மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டுவிடுங்கள்.