வாசகர் கேள்விகள்: கப்பியின் கீச்சொலியும் தவிலின் தொப்பியும்

சென்ற இதழில் வெளியான சுயாதீன இசைத்தொகுப்புகள் பற்றிய விமர்சனங்களைத் தொட்டு இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தினை எடுத்துக்கொள்கிறேன்.

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்: பரிசோதனை இசை என்று நீங்கள் பாராட்டி எழுதியவற்றுள் சிலவற்றை என் மகனின் கைப்பேசியில் போட்டுக் கேட்டேன். ஒரே ஒலி பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் எது இசை, எது வெறும் இரைச்சல் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

உங்கள் காது மறுப்பதை நான் அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், 1948 இல் புகையிரத இயந்திரங்களின் ஒலிகளை இசைத்தட்டில் பதிந்து, வெட்டி அடுக்கி ஒலிபரப்பிய காலத்திலிருந்தே இக்கேள்வி இருந்து வருகிறது.

மீள மீள வருகின்ற ஒலிக்குள் ஏதாவது நடக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எங்கள் வீட்டைச் சூழ மூன்று கோயில்கள் உள்ளன. மாலைப் பூசையின்போது மூன்று மணிகளும் தத்தம் வேகத்தில் அடிக்கும். சில வேளை இரண்டு ஒன்றாக விழும், சில வேளை மூன்றும் விலகி நிற்கும். எந்த மணியும் மாறுவதில்லை, அவை சந்திக்கும் விதந்தான் மாறுகிறது. ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978 இல் விமான நிலையங்களுக்கென்று உருவாக்கிய தொகுப்பு பெரும்பாலும் இவ்வாறே இயங்குகிறது: வெவ்வேறு நீளமுள்ள நாடா வளையங்கள் சுழன்றுகொண்டிருக்க, ஒலிகள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அமெரிக்கரான வில்லியம் பசின்ஸ்கி 2001 இல் தமது பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது, நாடாவிலிருந்த காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தாமல் ஓடவிட்டார். ஒரு சிறிய மெட்டு ஒரு மணிநேர அளவில் தேய்ந்து தேய்ந்து ஓட்டையாவதை நாம் கேட்கிறோம். 1990களின் முற்பகுதியில், மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட எமது தலைமுறைக்கு இந்த இசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சுற்றுபவரின் கை தளரும்போது பாடகரின் குரலும் கூடவே இறங்கும். வெண்பூஞ்சணம் பிடித்த ஒலிநாடா ஒன்று என் அலுமாரியில் இன்றும் இருக்கிறது.

இவ்வாறு எதுவும் நிகழாத தொகுப்புகளும் ஏராளம். மூன்றாம் நிமிடத்திலிருந்து எட்டாம் நிமிடத்துக்குத் தாண்டினாலும் அதே ரீங்காரம் அதே இடத்தில் நிற்குமானால், ஆக்கியவர் எந்த முடிவும் எடுக்கவில்லை என்றே கருதுவேன். அதைக் குறையென்று எழுதவும் தயங்க மாட்டேன். தயவுசெய்து கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். தாழ்ந்த ஒலிகள் அதில் வெளிவருவதே இல்லை, ஆகவே நீங்கள் கேட்டது பாதி இசைதான்.

நெல்லியடியிலிருந்து ஓர் ஆசிரியை: மற்றைய இதழ்கள் பத்துக்கு இத்தனை புள்ளி என்று கொடுக்கின்றன. நீங்கள் ஏன் கொடுப்பதில்லை?

பரீட்சைத் தாளுக்கு விடை முன்பே தெரியும், புதிய இசைக்கு அது தெரியாது. அமெரிக்காவின் பிட்ச்போர்க் என்ற இசை இதழ் தசம தானம் வரை புள்ளியிடுகிறது. வாசகர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டுரையைக் கடந்து போவதற்கு அது வழிசெய்கிறது என்பதே என் கவலை.

சரண்ஜித் சிங் என்ற மும்பாய் இசைக்கலைஞர், 1982 இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் மின்னணுக் கருவிகளால் மட்டும் வாசித்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அது விலைபோகவில்லை. 2010 இல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பாக வந்த பின்னரே, 1982 க்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிக்காகோவில் பிறந்த அசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையின் ஒலி அதில் முன்கூட்டியே இருந்ததை உலகம் கவனித்தது. அத்தொகுப்பில் ரோலண்ட் நிறுவனத்தின் 303 என்ற கருவி பயன்படுகிறது. தனியே பயிற்சி செய்யும் கிற்றார் வாசிப்பவர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி கொடுப்பதற்காக உருவான அப்பெட்டியில், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. அந்த வழுக்கலை ராகத்தின் அசைவுக்கு அவர் பயன்படுத்திக்கொண்டார். அதிலுள்ள பூபாளி நமது மோகனம், மால்கௌன்ஸ் நமது இந்தோளம் என்பதால், நம்மவர் அதை எளிதாகப் பின்தொடரலாம். அன்று ஒருவர் பத்துக்கு மூன்று கொடுத்திருந்தால் அந்த எண்ணால் இன்று யாருக்கும் பயனில்லை. வழுக்குகிற பேஸ் ஒலியைக் கேட்டபடி விவரித்து, தமக்குப் பிடிக்கவில்லை என்றே எழுதியிருந்தாலும் அந்த விமர்சனம் இன்றும் வாசிக்கத் தக்கதாக இருந்திருக்கும்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகி: வெளிநாடுகளிலுள்ள நம் பிள்ளைகள் இசைத்தொகுப்பு வெளியிட்டால் எல்லோரும் பெருமைப்படுகிறார்கள், அது நன்றாக இருக்கிறதா என்று எவரும் சொல்வதில்லை. உங்கள் உண்மையான அபிப்பிராயம் என்ன?

யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த பாடகி எம்.ஐ.ஏ., தந்தையின் பெயரில் 2005 இலும் தாயின் பெயரில் 2007 இலும் வெளியிட்ட இரு தொகுப்புகளுள், தாயின் பெயர் தாங்கிய 'கலா'வையே நான் உயர்வாக மதிக்கிறேன். அதில் உறுமி மேளம் அலங்காரத்துக்காக ஓரத்தில் நிற்கவில்லை. அது முன்னால் வந்து மோதுகிறது, குரல் அதனோடு போராடித்தான் இடம்பிடிக்கிறது.

சுவிற்சர்லாந்தில் வளர்ந்த பாடகி பிரியா ரகு, 2023 இல் 'சந்தோசம்' என்ற தொகுப்பைத் தந்தார். அவருடைய இசையை அமைப்பவர் அவருடைய அண்ணன். அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜப்னா கோல்ட். ஊர்ப்பெயரைக் கேட்டதும் நமக்கு மனம் குளிரத்தான் செய்கிறது. பிரியாவின் குரல் பதற்றமில்லாதது, தாளம் உடலை அசைக்கிறது. ஆயினும் சில பாடல்களில் தமிழ்ச் சொற்களும் நம் மேளங்களும் ஆரம்பத்திலும் இடைவெளிகளிலும் வந்து போகின்றனவே தவிர, பாட்டின் நடையை அவை தீர்மானிப்பதில்லை. அவற்றை எடுத்துவிட்டாலும் பாட்டு குலையாமல் நிற்கும் என்பதே என் குறை.

தமிழ்நாட்டில் வளர்ந்து அமெரிக்காவில் வாழும் பாடகி கானவ்யா, 2024 இல் வெளியிட்ட 'ஒரு கோயிலின் மகள்' என்று பொருள்படும் தொகுப்பு என்னை நெடுநாள் பிடித்து வைத்தது. பலர் கூடிப் பாடிய ஒன்றுகூடலின் காற்றும் அறையும் அதில் கேட்கின்றன. அமெரிக்க ஜாஸ் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேன் 1971 இல் தம்புராவும் ஹார்ப்பும் சேர்த்து உருவாக்கிய 'சச்சிதானந்தப் பயணம்' என்ற இசையை, பிறர் வீட்டுப் பொருளாகக் கருதாமல் தம் பாட்டி வீட்டுப் பாட்டைப் போல அவர் பாடுகிறார். ஒன்றுகூடலில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கக்கூடிய சில பகுதிகள், வெளியிலிருந்து கேட்பவருக்குக் கதவு திறக்காமலே கடந்து போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

மருதனார்மடத்திலிருந்து ஒரு மாணவர்: முறையாகச் சங்கீதம் கற்காதவர்கள் பரிசோதனை செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் தவில்மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த மண்ணில் இருந்துகொண்டு, அவருடைய தாளக் கணக்கு வழக்கை ஒருமுறையேனும் உட்கார்ந்து கேட்காமல் தாளத்தை உடைக்கிறேன் என்று புறப்படுவது பெரிய இழப்பு.

கோப்பாயிலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, நானும் நண்பர்கள் இருவரும் வீட்டு அறையில் பதிவுசெய்த ஆறு தடங்களைப் பென் ட்ரைவில் அனுப்பியுள்ளேன். இணையத்தில் போட்டு நான்கு மாதமாகிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள். எங்கே வெளியிட்டால் நல்லது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக் கேட்டமைக்கு முதலில் நன்றி. நான்கு முறை கேட்டேன்: இரண்டு முறை ஹெட்போனில், இரண்டு முறை கூடத்திலுள்ள பெரிய ஒலிபெருக்கியில்.

மூன்றாவது தடம் உண்மையான இசை. கிணற்றுக் கப்பியின் கீச்சொலியில் அது தொடங்குகிறது. வாளி நீரில் விழுகிறது, கயிறு இழுபடுகிறது, கப்பி கத்துகிறது. சுமார் ஐம்பது விநாடியில் தவில் சேர்கிறது. இழுப்பவரின் கை களைக்கக் களைக்க, கீச்சொலிகளுக்கு இடையிலான நேரம் நீண்டுகொண்டு போகிறது. தவில் வாசிப்பவர் அதைத் திருத்த முயலவில்லை. ஒவ்வொரு தீர்மானத்தையும், அதாவது தாளச் சுற்றை முடிக்கும் சொற்கட்டையும், அடுத்த கீச்சொலி எங்கே விழும் என்று காத்திருந்து, அதிலேயே கொண்டுபோய் முடிக்கிறார். இரண்டு முறை பிந்துகிறார், அதுவும் அழகாக இருக்கிறது.

பிறகு நீங்கள் பயந்துவிட்டீர்கள். இரண்டாம் நிமிடத்தில் கீபோர்ட்டின் நீண்ட சுரமொன்று எதிரொலியோடு வந்து எல்லாவற்றையும் மூடுகிறது. கப்பியும் தவிலும் மட்டும் போதாது என்று நினைத்திருக்கிறீர்கள். அவை போதும்; கீபோர்ட்டை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒலியளவு. தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கம்பு விழும் அடிக்கும், வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் எழுப்பும் ஒலிக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த வாத்தியத்தின் உயிர். உங்கள் பதிவில் இறுதிக் கட்டத்தில் எல்லாவற்றையும் அழுத்தி உரப்பாக்கியதால், தொப்பியின் அடி தட்டையாகி, அட்டைப்பெட்டியில் தட்டியது போல் ஆகிவிட்டது. இந்த அழுத்தத்தால் உங்களுக்கு இலாபமும் இல்லை. ஸ்பொட்டிபை போன்ற தளங்கள், உரத்த பதிவுகளை அவற்றின் பொதுமட்டத்துக்கு, அதாவது ஏறத்தாழ −14 LUFS (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு, தாமாகவே இறக்கிவிடுகின்றன. உரப்பு போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

ஐந்தாவது தடத்தில் ஒரு வயோதிப அம்மாவின் ஒப்பாரியைச் சொல்லின் நடுவில் துண்டித்து, தாளத்துக்காகத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டிருக்கிறீர்கள். அவர் யாரை நினைத்து அழுதார் என்பது அந்தத் துண்டில் இல்லை. அவரிடம் கேட்டுத்தான் இப்படிச் செய்தீர்களா? கேட்டிருந்தால் முழு அடியையும் ஒருமுறையாவது ஒலிக்கவிடுங்கள். கேட்கவில்லையென்றால் இத்தடத்தை நீக்குவதே முறை. மற்ற நான்கு தடங்களும் இவ்விரண்டுக்குமிடையே நிரப்புவதற்காகச் செய்தவை போலத் தோன்றின. மூன்றாவதை மட்டும் தனியே வெளியிட்டாலும் தவறில்லை.

வெளியீட்டைப் பொறுத்தவரை, ஸ்பொட்டிபையில் 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத தடத்துக்குப் பணமே கிடையாது. பாண்ட்காம்ப் தளத்தில் விலையை நீங்களே வைக்கலாம். எண்ணிம விற்பனையில் அவர்கள் 15 வீதம் எடுக்கிறார்கள். தொகுப்போடு குறிப்புகள் எழுதவும் அங்கே இடமுண்டு. உங்கள் குறிப்பில் மென்பொருளின் பெயர் இருக்கிறது, ஒலிவாங்கியின் மாதிரி இலக்கம்கூட இருக்கிறது. மூன்றாவது தடத்தில் தவில் வாசித்தவரின் பெயர் எங்கும் இல்லை. திருத்திய பதிவை அனுப்பும்போது அதையும் எழுதி அனுப்புங்கள். விரிவான விமர்சனத்தை அதன் பின் எழுதுகிறேன்.