டிராக் டயரை வீட்டிலேயே ஏற்றலாமா? ஏற்றலாம், பேலன்சிங்கை மட்டும் மெஷினுக்கு விடுங்கள்

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "வருடத்தில் நாலைந்து முறை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குக் காரை எடுத்துப் போகிறேன். அதற்கென்று தனியாக ஒரு செட் 17 இஞ்ச் அலாய் வைத்திருக்கிறேன், டயர் சைஸ் 215/45 ஆர்17. போன தடவை கடையில் டயர் மாற்றியபோது நான்கில் இரண்டு டிஸ்க்கின் (டயர் ஏறும் அலாய்ச் சக்கரம்) ஓரத்தில் கீறல் விழுந்துவிட்டது. கையால் இயக்கும் டயர் சேஞ்சரும், குமிழி வைத்த பேலன்சரும் வாங்கி எல்லாவற்றையும் வீட்டு ஷெட்டிலேயே செய்துகொள்ளலாமா? வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதுமா?"

டயர் ஏற்றுவதைத் தாராளமாக வீட்டில் செய்யலாம். நிதானமாகச் செய்தால் அவசரத்தில் இருக்கும் கடையை விட நன்றாகவே வரும். ஆனால் குமிழி பேலன்சரை நம்பி வேகமாக ஓட்டும் காரை டிராக்கில் இறக்காதீர்கள். பேலன்சிங்குக்கு, அதாவது வீலின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கும்படி சிறு வெயிட் ஒட்டுவதற்கு மட்டும், நான்கு வீலையும் டிக்கியில் போட்டுக்கொண்டு நல்ல மெஷின் இருக்கும் கடைக்குப் போங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சோப்பிலிருந்தே தொடங்கலாம், பலரும் தவறு செய்யும் இடம் அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தில் உப்பு கலந்திருக்கும், அது அலாயை அரிக்கும். கிரீஸ், இன்ஜின் ஆயில், சிலிக்கான் ஸ்பிரே இவற்றையும் தொடக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். சிலிக்கான் காயவே காயாது. டயரை ஏற்ற வழுக்க வேண்டும், ஏற்றிய பிறகு வழுக்கக்கூடாது, இதுதான் தேவை. டயர் கடைச் சாமான் விற்கும் இடங்களில் டயர் பேஸ்ட் என்று டப்பாவில் கிடைக்கும். ஏற்றும்போது வழவழவென்று இருந்துவிட்டு அப்புறம் காய்ந்து பிடித்துக்கொள்வதற்கென்றே செய்த பொருள் அது. ஒரு டப்பா வாங்கினால் உங்களுக்கு வருடக்கணக்கில் வரும்.

என் முதல் செட்டை நான் சோப்பு நுரையைத் தாராளமாகத் தடவித்தான் ஏற்றினேன், மறுநாள் காலையிலேயே டிராக்குக்கும் போய்விட்டேன். இரண்டாவது செஷனில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், வால்வுக்கு நேராக டயரில் நான் போட்டிருந்த சாக்பீஸ் கோடு நாலு விரல் தள்ளிப் போயிருந்தது. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் நின்றாலும் டயர் அதன் மேல் நழுவித் திரும்பியிருக்கிறது. டயரும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டால் செய்த பேலன்சிங் அத்தனையும் வீண். சரியான பேஸ்டே போட்டிருந்தாலும், ஏற்றிய பிறகு முழுதாக ஒரு நாள் கழித்துத்தான் கடுமையாக ஓட்ட வேண்டும். அந்தச் சாக்பீஸ் கோட்டையும் மறக்காமல் போடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 91டபிள்யூ என்பது போல இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறதா, அல்லது வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அம்புக்குறி உள்ள டயரில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என்று முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். நான்கையும் ஒரே மாதிரி ஏற்றிவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வையுங்கள். வால்வு இருக்கும் பக்கம் டிஸ்க் சற்றுக் கனம் என்பதால் இரண்டும் ஓரளவு சரிக்கட்டும்.

இனி பழைய டயரைக் கழற்றுவது. வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுதாக இறங்கும் வரை காத்திருங்கள். பீடை உடைக்கும்போது, அதாவது டயரின் விளிம்பை டிஸ்க்கிலிருந்து பிரிக்கும்போது, சேஞ்சரின் நாக்கு டிஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ரப்பரில் மட்டும் அழுந்த வேண்டும். காற்றழுத்த சென்சார் இருக்கும் கார் என்றால் அது வால்வின் அடியிலேயே இருக்கும், எனவே வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் அழுத்துங்கள். உங்கள் டிஸ்க்கில் விழுந்த கீறல் பெரும்பாலும் லிவர் வெறும் இரும்பாகப் பட்டதால் வந்திருக்கும். நைலான் தலை போட்ட பாரும் (டயரை நெம்பும் நீளக் கம்பி), டிஸ்க் ஓரத்தில் செருகும் பிளாஸ்டிக் உறைகளும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

புது டயரை ஏற்றும் சூட்சுமம் முழுக்க டிஸ்க்கின் நடுவில் ஓடும் பள்ளத்தில்தான் இருக்கிறது. டயரின் பீடுக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, அது நீளவே நீளாது. பிறகு எப்படி தன்னை விடப் பெரிய ஓரத்தைத் தாண்டி உள்ளே போகிறது? ஒரு பக்கம் பீடு அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கிடந்தால் எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும், அந்த இடத்தை வைத்துத்தான் ஓரத்தைத் தாண்டுகிறது. டிஸ்க்கை மேசையில் வைக்கும்போது பள்ளம் எந்த ஓரத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது முகப்புப் பக்கம்தான். பேஸ்டை டயரின் இரண்டு பீடிலும் டிஸ்க்கின் ஓரத்திலும் தடவுங்கள். கீழ்ப் பீடு கையால் அழுத்தினாலே இறங்கிவிடும். மேல் பீடுதான் வேலை வாங்கும். ஒரு இடத்தில் இறக்கி, அங்கே முழங்காலை வைத்துப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே பாரைச் சுற்றிலும் நகர்த்தி வாருங்கள். முக்கால்வாசி வந்ததும் பார் நகராமல் இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். நிறுத்தி, மறுபடி அமுக்கிவிட்டுத் தொடருங்கள். பீடு கிழிவதும் உள்ளே கம்பி அறுவதும் இந்த இடத்தில் முரட்டுத்தனம் காட்டுவதால்தான். கம்பி அறுந்த டயரை அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

சென்சார் இருந்தால் அது முழங்கால் வைக்கும் இடத்திலும் வரக்கூடாது, கடைசியாக இறங்கும் இடத்திலும் வரக்கூடாது. பக்கவாட்டில் இருக்கும்படி டிஸ்க்கைத் திருப்பி வைத்துத் தொடங்குங்கள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, கோவை வெயில். டிராக்குக்கான டயர்களின் பக்கவாட்டு விறைப்பாக இருக்கும். ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் ரப்பர் இளகி வேலை பாதியாகிவிடும். 45 சீரிஸ் (உங்கள் சைஸில் 215-க்கு அடுத்து வரும் எண்) வரை கை மெஷினில் சமாளிக்கலாம். 35, 30 என்று பக்கவாட்டு இன்னும் குட்டையானாலோ, காற்று இறங்கினாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயராக இருந்தாலோ வீட்டில் முயல வேண்டாம், உதவிக் கை வைத்த நல்ல மெஷினுக்குக் கொண்டுபோங்கள்.

காற்றடிக்கும் கட்டம்தான் மொத்த வேலையிலும் ஆபத்தானது, இதில் சமரசமே வேண்டாம். வால்வு பின் இல்லாமலே காற்றை விடுங்கள், வேகமாகப் போகும். வால்வில் கவ்விக்கொள்ளும் முனையும், நீளமான ஹோஸும், உங்கள் கைப்பக்கம் மீட்டரும் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டுக்கு நேராக நிற்காமல் விலகி நில்லுங்கள். விரலை பீடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். 'டப்', 'டப்' என்று இரண்டு சத்தம் கேட்கும், இரண்டு பீடும் இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளம் அது. எல்லை 40 பி.எஸ்.ஐ. அதற்குள் உட்காரவில்லை என்றால் மேலே ஏற்றாமல் காற்றை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவி, முதலிலிருந்து வாருங்கள். சேமிப்பில் பல நாள் நசுங்கிக் கிடந்த டயர் காற்றையே பிடிக்காமல் விட்டுக்கொண்டிருந்தால், ஒரு பெல்ட் வாரை டயரைச் சுற்றி இறுக்கினால் பீடு அகலும். காற்றுப் பிடித்தவுடன் வாரைத் தளர்த்திவிடுங்கள். எரிபொருளை ஊற்றிப் பற்றவைத்து உட்காரவைக்கும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம், டயர் வெடித்தால் உயிரே போகும்.

உட்கார்ந்த பிறகு டிஸ்க்கை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அது சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் பீடு அங்கே சரியாக ஏறவில்லை. அதை எந்தப் பேலன்சிங்கும் சரிசெய்யாது.

சரி, இப்போது பேலன்சிங். உங்கள் சைஸ் டயரின் விட்டம் ஏறக்குறைய 625 மில்லிமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நொடிக்கு 14 சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். டிஸ்க்கின் ஓரத்தில் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்ட பொருள் இழுப்பது போல வீலை இழுக்கும், நொடிக்கு 14 தடவை திசை மாறி மாறி. வேகம் ஒன்றரை மடங்கானால் இழுப்பு இரண்டேகால் மடங்காகும், அதாவது 150-இல் மூன்றரைக் கிலோவுக்கு மேல். 10 கிராம் என்பது நீங்கள் ஒட்டும் வெயிட்டில் ஒன்றிரண்டு கட்டிதான்.

குமிழி பேலன்சரும், வீலைத் தண்டில் கோர்த்துத் தானாகச் சுற்றவிடும் ஸ்டாண்டும் காட்டுவது ஒன்றே ஒன்று: வீலின் எந்தப் பக்கம் கனம் என்று. மேலும் கீழும் குதிக்கும் ஆட்டம் அதனால் சரியாகும். ஆனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீலின் மேல்பக்கம், வெளி ஓரத்தில் 20 கிராம் அதிகம். நேர் கீழே, உள் ஓரத்தில் 20 கிராம் அதிகம். தண்டில் போட்டால் மேலும் கீழும் சமம், வீல் எங்கே விட்டாலும் அசையாமல் நிற்கும், குமிழியும் நடுவில் நிற்கும். சாலையில் சுழலும்போதோ அந்த இரண்டு கனமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வீலை இடமும் வலமும் முறுக்கும். ஸ்டியரிங்கில் உணரும் நடுக்கம் பெரும்பாலும் இதுதான். வீலைச் சுழற்றிப் பார்த்தால் மட்டுமே இது தெரியும். பைக் வீல் போலக் குறுகலானவற்றுக்கு ஸ்டாண்டே போதும். ஏழு இஞ்ச் அகலமான அலாய்க்குப் போதாது.

ஸ்டாண்டை வாங்கிவிட்டீர்கள் என்றால் வீணில்லை. டிராக்கில் ஒரு வெயிட் கழன்று விழுந்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும், மேலே வெயிட்டை டேப்பால் ஒட்டிப் பாருங்கள், எந்த நிலையில் விட்டாலும் நகராத வரை மாற்றுங்கள். 20 கிராம் தேவைப்பட்டால் உள்ளே பத்து, வெளியே பத்து என்று பிரித்து ஒட்டுங்கள். மொத்தத்தையும் ஒரே ஓரத்தில் ஒட்டினால் முறுக்கும் ஆட்டத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

கடைக்குப் போகும்போது பழைய வெயிட்டையும் பசையையும் உள்ளே ஒட்டிய சேற்றையும் வீட்டிலேயே சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். அங்கே பக்கத்திலேயே நின்று சிலவற்றைக் கவனியுங்கள். நடு ஓட்டையில் கூம்பு பின்பக்கத்திலிருந்து நுழைகிறதா? வீல் நடுவில் உட்காராமல் சாய்ந்திருந்தால் மெஷின் சொல்லும் எண் எல்லாம் பொய். சந்தேகம் இருந்தால், பூஜ்யம் வந்த பிறகு வீலைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். நன்றாக மாட்டியிருந்தால் பூஜ்யத்தை ஒட்டியே வரும். இன்னொன்று, பல மெஷின்கள் ஐந்து கிராமுக்குக் கீழே இருப்பதை எல்லாம் பூஜ்யம் என்றே காட்டும். துல்லிய அளவைக் காட்டும் பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம், தப்பில்லை. ஒரே வீலுக்கு அறுபது, எழுபது கிராம் கேட்கிறது என்றால் வெயிட்டை ஒட்டிக்கொண்டே போகாமல், டயரை டிஸ்க்கில் பாதிச் சுற்று திருப்பி ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாவிட்டால் டிஸ்க் வளைந்திருக்கலாம். நம் ஊர்ச் சாலைப் பள்ளங்களில் அது அபூர்வமல்ல.

ஒட்டும் வெயிட் டிராக்கில் பிரேக் சூட்டுக்குக் கழன்று விழும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, மேலே அலுமினிய டேப் போடுங்கள். பிரேக் காலிப்பரில் உரசாமல் இருக்கிறதா என்று வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

காரில் மாட்டும்போது ஹப்பின் (வீல் வந்து உட்காரும் பாகம்) முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். உங்கள் அலாய் வெளியில் வாங்கியது என்றால் அதன் நடு ஓட்டை ஹப்பை விடப் பெரிதாக இருக்கலாம். அப்போது சரியான அளவு ஹப் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகாது. நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அளவு காருக்குக் கார் மாறும், சிலவற்றுக்கு 85 நியூட்டன் மீட்டர், சிலவற்றுக்கு 120. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு.

ஓட்டிப் பார்க்கும்போது 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் முன் வீல்களையும், சீட் நடுங்கினால் பின் வீல்களையும் முதலில் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கின் கோளாறு. பிரேக் பூட்டி டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தால் அதற்கு வெயிட் மருந்தல்ல, டயரை மாற்றத்தான் வேண்டும்.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். கரியில் முதல் செஷன் முடித்துப் பிட்டுக்கு வந்ததும் நான்கு வீலிலும் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த வீலை அன்றைக்கு மேற்கொண்டு வேகமாக ஓட்டாமல், திரும்ப பேலன்சிங்குக்குக் கொண்டுபோங்கள்.